செருப்பைக் கழற்றிக் கேட்ட ட்ரம்பெட்

பசங்களா, பாஷை புரியாத சால்சா பாட்டை அப்பா ஏன் இப்படிக் கேக்குறார்னு கேலி பண்றீங்க. பண்ணுங்க, பரவாயில்லை. ஆனா அந்தப் பாட்டு என்கிட்ட எப்படி வந்துச்சுன்னு எழுதி வைக்கணும்னு தோணுது. எட்டாவதோட நின்னவன் நான். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோங்க.

அப்போ நான் மேற்குத் தாம்பரத்துல ஒரு மைக் செட் கடைக்கு வேன் ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர் பாக்ஸை ஏத்தி இறக்குறதும் என் வேலைதான். என் தம்பி, அதான் உங்க சித்தப்பா, பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதுவான். கல்யாணம், ஆடித் திருவிழா, சாவு, எதுக்குக் கூப்பிட்டாலும் அந்த செட்டு போகும். திடீர்னு அவனுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. இனிமே ஊதவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ட்ரம்பெட்டைத் துணியில சுத்தி பீரோ மேல போட்டுட்டு, யார்கிட்டயும் பேசாம சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டான்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கடலோரத்துல இருக்குற ஒரு ரிசார்ட்டுக்குப் பாக்ஸ் கொண்டுபோனேன். வெளிநாட்டுக் கோஷ்டி ஒண்ணு வாசிக்குதுன்னாங்க. எல்லாத்தையும் இறக்கிட்டு வேன் பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ட்ரம்பெட் கிளம்புச்சு. கூடவே அதிர அதிர தோல் மேளச் சத்தம், ஜனங்க ஆடுற சத்தம். என் கால் தானா செருப்பைக் கழட்டிடுச்சு. நம்ம தெருவுல அது மூணும் அப்படிக் கட்டவிழ்ந்து வந்தா சாவு ஊர்வலம்தானே? அது தாண்டிப் போறவரைக்கும் வெறுங்காலோட நிக்கிறதுதானே நம்ம வழக்கம்?

எட்டிப் பார்த்தா ஜோடி ஜோடியா சிரிச்சுக்கிட்டு ஆடுறாங்க! பூப்போட்ட சட்டை போட்ட ஒரு பெரியவர் ட்ரம்பெட் ஊதுறார். ஒருத்தர் ரெண்டு கட்டைக் குச்சியைத் தட்டிக்கிட்டே இருந்தார். டக்... டக்... டக்... டக் டக். மத்தவங்க எல்லாம் எங்கெங்கேயோ போயிட்டு வர்றாங்க. அந்தக் குச்சி மட்டும் வீட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு ஏன்னு தெரியாம கண்ணுல தண்ணி வந்துடுச்சு. செருப்பைத் திரும்பப் போடவே தோணலை.

தம்பிகிட்ட வந்து சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் சிரிச்சது அன்னிக்குத்தான்.

"இன்னாண்ணே, உயிரோட கீறவனுக்கா செருப்ப அவுத்த?"

அதே கோஷ்டி அடுத்த ஞாயிறும் வாசிச்சுது. அவனைப் போர்வையோட வேன்ல உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போனேன். மேடைக்குப் பின்னால, காலிப் பொட்டி மேல உக்காந்து கேட்டான். அந்தப் பெரியவர் ஒரு இடத்துல சட்டுன்னு வாயை எடுத்துட்டு சும்மா நின்னார். தோலும் குச்சியும் மட்டும் ஓடுது. அப்புறம் எங்கேயோ உசரத்துலேர்ந்து ஒரே இழுப்பா இறங்கி வந்தார்.

"பாத்தியாண்ணே? எங்க செட்டுல நான் இப்டி வாய எடுத்தேன்னா, 'இன்னாடா, துன்னப் போய்ட்டியா'ன்னு கேப்பானுங்க."

சிரிச்சான், இருமினான். ஆனா அவன் வலது கை விரல் மூணும் முட்டி மேல ட்ரம்பெட் கட்டையை அமுக்குற மாதிரி அமுக்கிக்கிட்டே இருந்துச்சு.

திரும்பி வர்றப்போ பெருங்களத்தூர் நெரிசல்ல வண்டி நின்னுடுச்சு. "அந்த எறக்கத்த ஒரே ஒரு தபா ஊதிட்டேன்னா போதும்ணே"ன்னான். ஹாரனை அமுக்கினேன்.

மறுநாளே ட்ரம்பெட்டை இறக்கித் துடைச்சு, கட்டைக்கு எண்ணெய் விட்டான். ஊதினான். ரெண்டு சுரம் வந்துச்சு. அப்புறம் இருமல்தான். உங்கம்மா தண்ணியோட ஓடி வந்தா. அதுக்கப்புறம் அவன் ஊதலை, வாயாலேயே அந்த இறக்கத்தை முணுமுணுப்பான். நான் மேசையில டக் டக்னு தட்டுவேன். அந்த மாதிரி பேண்டு எங்கே வந்தாலும் ரெண்டு பேரும் போனோம். சால்சா, லத்தீன் ஜாஸ்னு பேர் எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டோம். ஒவ்வொரு தடவையும் அவன் போர்வைக்குள்ள இன்னும் கொஞ்சம் சின்னதாகிட்டே வந்தான்.

மழைக்காலம் முடியிறதுக்குள்ள போயிட்டான்.

அவன் செட்டுக்காரங்கதான் வாசிக்க வந்தாங்க. வரிசையில முன்னால வலது பக்கம் அவன் நிக்கிற இடம். அங்கே யாரும் நிக்கலை. "வேற ஆள் கூப்பிடலையா?"ன்னு அக்கம்பக்கத்துல கேட்டாங்க. பெரிய ட்ரம் அடிக்கிறவன், "அவன் எடத்துல அவன்தான் நிப்பான், அண்ணா"ன்னு என்னைப் பாத்துச் சொன்னான். ட்ரம்பெட்டைப் பாடையில அவன் தலைமாட்டுல வெச்சிருந்தோம்.

வெறும் மேளம் மட்டும் போச்சு. தெருவுல நடந்துக்கிட்டே நான் கையைத் தட்டினேன். டக்... டக்... டக்... டக் டக். முதல்ல யாருக்கும் புரியலை. அப்புறம் சின்ன ட்ரம்காரன் பிடிச்சுக்கிட்டான், மத்தவங்களும் வந்து சேர்ந்தாங்க. ட்ரம்பெட் இறங்கி வர வேண்டிய இடம் வந்துச்சு. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், எல்லாரும் அடியைத் தணிச்சாங்க. ஒண்ணும் வரலை. மறுபடி சுத்தி வந்தோம், மறுபடி தணிச்சாங்க. சுடுகாடு வரைக்கும் அப்படியேதான் போனோம்.

ரோட்டோரக் கடைக்காரங்க செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க.