என் பெயரில் ஏற்கனவே ஒருத்தி

எனக்கு முன்னால் பிறந்த அக்கா மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மறு வருடம் நான் பிறந்ததும் அவள் பெயரையே எனக்கு வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். திருச்சியில் எங்கள் வீட்டாருக்கு அது ஆறுதல். எனக்கோ, கல்லறைத் திருநாள்தோறும் என் பெயர் பொறித்த சிலுவைக்கு நானே மெழுகுவர்த்தி ஏற்றும் கொடுமை. ரவா லட்டு எனக்கு ஆகவே ஆகாது. "உனக்குத்தான் உசிராச்சேடி" என்று அம்மா தட்டில் வைப்பார். உசிராக இருந்தது அக்காவுக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். ஒரு தவளையின் செல்லிலிருந்து அச்சு அசலாக இன்னொரு தவளையை உண்டாக்கியிருப்பதை ஆசிரியை விளக்கினார். மனிதனையும் அப்படி நகல் எடுக்கலாமா என்று வகுப்பில் விவாதம் வைத்தார்கள். 'எடுக்கலாம்' கட்சி என் தலையில் விழுந்தது. எதிர்க்கட்சியில் ஸ்ரீரங்கத்துத் தோழி ஒருத்தி. "சரீரத்தை நகல் எடுத்துடுவேள், சரி. ஆத்மாவை எங்கேர்ந்து கொண்டு வருவேள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் மொத்தமும் அவளுக்கே.

அந்த எரிச்சலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். மீன் அலசிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"செத்துப்போன பிள்ளையக்கூட அப்படிக் கொண்டு வரலாமா?"

யாரைக் கேட்கிறார் என்று தெரியாதா எனக்கு? "முகம் வரலாம்மா, ஆள் வராது. ஒரு தவளை பிழைக்கறதுக்குள்ள எத்தனையோ முட்டை வீணாப் போகுது. ஊனமா வேற பொறக்குது. மனுஷப் பிள்ளைய வச்சு அப்படிச் சோதிச்சுப் பாக்கலாமா?" என்று, காலையில் எதிர்க்கட்சி சொல்லி நான் மறுத்த வாதங்களையெல்லாம் நானே எடுத்து விட்டேன். அறிவியல் அக்கறை ஒன்றும் இல்லை, வெறும் பயம். இத்தனை காலம் அவளுக்குப் பதிலாகத்தான் இந்த வீட்டில் இருந்தேன். அவளே வந்துவிட்டால் நான் யார்?

மனசு கேட்கவில்லை. வாய்விட்டே கேட்டேன். "அப்படி ஒருத்தியக் கொடுத்தா வாங்கிக்குவீங்களாம்மா?"

"மாட்டேன்" என்றார் அம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏன்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அதுவும் புதுப் பிள்ளைதானே? அதை அதா இருக்க விடமாட்டேன்டி. உனக்குப் பண்ணினதையே அதுக்கும் பண்ணுவேன்."