காருக்கு எந்த வீட்டு எண்ணெய்

எனக்கும் என் புருஷனுடைய காருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் அதுதான் மூத்த தாரம், நான் இரண்டாவது. காலையில் எழுந்ததும் என் முகத்தில் விழிக்கமாட்டார். நேரே போய்க் காரின் முன்மூடியைத் தூக்கி, எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு நீளக் கம்பியை உருவுவார். நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு துடைக்கத் துணி தேடுவார். கொடியில் காயும் என் சேலைதான் எப்போதும் அவர் கைக்கு எட்டும். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகமில்லை.

அது யுத்த காலம். துறைமுகத்துக்கு வாடகைக்கு ஓடிய அந்தக் காருக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். புகையில் கார் ஓடுமா என்று கேட்காதீர்கள், ஓடியது. ஆனால் கரித்தூசி எஞ்சினுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற எண்ணெயைச் சீக்கிரமே மையாக்கிவிடும். மாற்றி ஊற்றலாம் என்றால் எஞ்சின் எண்ணெய் எந்தக் கடையிலும் இல்லை. சீமையிலிருந்து வரவேண்டிய சரக்கு அது. கப்பல்களெல்லாம் சண்டைக்குப் போய்விட்டன.

அவரிடம் ஒரே ஒரு டின் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் வாங்கியது, மூடியில் கம்பிக்கட்டு கூடப் பிரிக்காதது. அதை அலமாரியில், கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். என் நகையெல்லாம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

எனக்கு ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். என் அம்மா உடன்குடியில் இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் கூட்டிப்போக அவள் வில்வண்டியோடு வருவதாக இருந்தாள். என் மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தோணி முதலாளி, கொழும்புக்குச் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர்.

“கார் வச்சிருக்க வீட்டு மருமவ மாட்டுவண்டியிலயா போவா? ஊர்ல என்ன பேசுவான்?” என்றார்.

மாமியார் அதோடு ஒரு முடிச்சும் போட்டாள். “கார்லயே போகட்டும். ஆனா போற வழியில வண்டி படுத்துட்டா அது நல்ல சகுனமில்ல. திரும்பி இங்கனயே வந்துரணும். பிரசவம் நம்ம வீட்டுலதான். விளக்கு வைக்கதுக்கு முன்னால உடன்குடி வாசல்ல இறங்கணும், சொல்லிட்டேன்.”

மாமியார் கெட்டவள் இல்லை. பேரப்பிள்ளையை முதலில் தூக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு. எனக்கோ என் அம்மா வேண்டும். வலி வருகிற நேரத்தில் அவள் கையைத்தான் பிடிக்கவேண்டும், வேறு யார் கையும் வேண்டாம். இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சேலையில் கறை என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாம் அந்தக் காரின் எண்ணெயில் வந்து நின்றது. உள்ளே இருந்தது தார் மாதிரி ஆகியிருந்தது. எதை ஊற்றுவது?

மாமனாருக்குச் சந்தேகமே இல்லை. தோணியின் அடிப்பலகைக்கு அவர்கள் பூசுவது சுறா எண்ணெய். அந்த வீட்டில் கதவுக் கீலுக்கும் அதுதான், முழங்கால் வலிக்கும் அதுதான், சளி பிடித்த பிள்ளைக்குக் கரண்டியில் கொடுப்பதும் அதுதான். வெயில் நாளில் அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே மூக்கைப் பிடிக்கவேண்டும்.

“கடல் தண்ணியவே உள்ள விடாத எண்ணெய். தூசியையா விடும்? ஏலே, கண்ண மூடிட்டு ஊத்து” என்றார் மகனிடம்.

வளைகாப்புக்கு வந்த என் அம்மா ஒரு பித்தளைத் தூக்கு நிறைய விளக்கெண்ணெய் கொண்டுவந்திருந்தாள். வீட்டிலேயே காய்ச்சியது. எங்கள் பக்கத்தில் வண்டி அச்சுக்குப் போடுகிற மையும் விளக்கெண்ணெயில்தான் குழைப்பார்கள். “வண்டின்னா வண்டிதானே மாப்பிள்ளை. எங்க வீட்டு வண்டி அச்சு ஒரு நாளாவது முனகியிருக்கா?” என்றாள்.

“சம்பந்தி, அது மாடு இழுக்க வண்டி” என்றார் மாமனார், மரியாதையாக.

“இது புகை இழுக்க வண்டி. மாட்டுக்கு இருக்க தெம்பு புகைக்கு உண்டா? அதான் நல்ல எண்ணெயாக் கேக்கும்” என்றாள் அம்மா, அதைவிட மரியாதையாக.

வளைகாப்புக்கு வந்த சனமெல்லாம் என்னை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றது. கை நிறைய வளையலோடு மணையில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சலான எரிச்சல். என் புருஷன் நடுவில் நின்றுகொண்டு தன் அப்பா சொன்னதற்கும் தலையாட்டினார், என் அம்மா சொன்னதற்கும் தலையாட்டினார். இரண்டு எண்ணெயையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் கேட்டேன். “அலமாரியில இருக்கதை ஊத்தினா என்ன?”

“அது இருக்கட்டும்.”

“யாருக்கு இருக்கட்டும்?”

அவர் எஞ்சின் கம்பியை உருவப் போய்விட்டார். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அம்மா முன்னாலேயே ஊருக்குப் போய் ஏற்பாடுகளைப் பார்த்தாள். நாங்கள் கிளம்புகிற நாள் விடியும்போதே அவர் காருக்கு அடியில் கிடந்தார். வெளியே வந்தபோது பல் மட்டும்தான் வெள்ளை. மாமனார் குனிந்து எஞ்சினை மோந்து பார்த்தார். சுறா வாடை குப்பென்று அடித்தது. மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். நான் பின்சீட்டில் ஏறினேன். என் காலடியில் துணியில் சுற்றி, பத்திரமாக, அந்த டின்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாறுகிற மீனெண்ணெயை நான் போகிற வண்டிக்கு ஊற்றிவிட்டு, நல்ல எண்ணெயை மகாராணி மாதிரி சவாரி கூட்டிப்போகிறார்.

எஞ்சின் சூடாகச் சூடாக வாடை ஏறியது. போகிற ஊரிலெல்லாம் பூனைகள் எழுந்து நின்று பார்த்தன. காயல்பட்டினத்தில் சந்துமுனையில் கரி போட நிறுத்தியதுதான் தாமதம், எங்கிருந்துதான் வந்தனவோ, முன்மூடி மேல் ஒன்று, சக்கரத்தடியில் இரண்டு, படியில் ஒன்று. கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வெளியே வந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, மீன் ஏத்திட்டு வாரியளா, பிள்ளையக் கூட்டிட்டு வாரியளா?”

“ரெண்டுந்தான்” என்றேன் நான். என் புருஷன் பூனையை விரட்டுகிற சாக்கில் மூடிக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

திருச்செந்தூர் தாண்டித் தேரிமண் தொடங்கியது. ஒரு மேட்டில் கார் இழுத்தது, இருமியது, நின்றது. சிவப்பு மணல், பனைமரம், இறங்குகிற வெயில். வேறு ஒரு ஜீவன் இல்லை. அவர் இறங்கிப்போய்ப் பீப்பாயைக் குடைந்தார். நிழல் நீளமாகிக்கொண்டே வந்தது. மாமியாரின் முகம் எனக்கு அந்தப் பனைமரத்தில் தெரிந்தது.

“இப்பவாவது டின்னைப் பிரியுங்க. என்னைவிட அது உசத்தியாப் போச்சா?”

“ஏட்டி, அதுல கைய வைக்காத.”

அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இந்த மேட்டிலேயே பெற்றுவிடுவேன் போலிருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். அவர் முழங்கை வரை கரியோடு, பீப்பாய் நெருப்புக்குக் காற்றடிக்கிற கைச்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நிற்கவில்லை.

உடன்குடி வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா விளக்கில் திரியைப் போட்டிருந்தாள், ஏற்றவில்லை. வத்திப்பெட்டி கையில் இருந்தது. என்னை அணைத்த கையோடு போய்க் காரின் மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்து மோந்தாள்.

“நம்ம எண்ணெய்தான். மீன் வாடைக்கு நடுவுல எப்படித் தனியாத் தெரியுது பாரு” என்று தெருவுக்கே சொன்னாள்.

நான் டின்னை எடுத்துக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். பிள்ளையையும் என்னையும் கூப்பிட வரும்போது கெஞ்சட்டும், அதுவரை கிடையாது என்று முடிவு பண்ணியிருந்தேன். மறுநாள் காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டின்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. பானையை நகர்த்தி டின்னை எடுத்தேன். மூடியில் கம்பிக்கட்டு இல்லை. திறந்தேன். உள்ளே இருந்தது அம்மாவின் விளக்கெண்ணெய்.

டின்னை மூடி, பானைக்குப் பின்னாலேயே திரும்ப வைத்தேன். சீமை எண்ணெய் முழுவதும் எஞ்சினுக்குள் போயிருந்தது. சுறா எண்ணெயும் விளக்கெண்ணெயும் வெளியே பூசின பூச்சு, இரண்டு சம்பந்திகளின் மூக்குக்காக. மிஞ்சிய விளக்கெண்ணெய் யார் கண்ணிலும் படாமல் டின்னுக்குள் ஏறிவிட்டது. மேட்டில் நான் அழுதபோதுகூட அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் அம்மாவிடம் உளறியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

அங்கே மாமனார் துறைமுகம் பூராவும் சுறா எண்ணெயின் பெருமையைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இன்னொரு தோணி முதலாளி தன் காருக்கு ஊற்ற, அது தெருமுனையிலேயே இறுகி நின்றுவிட்டது. அவர் சண்டைக்கு வந்தபோது மாமனார் அசரவில்லையாம். “ஆண் சுறாவா, பெண் சுறாவான்னு பாத்து வாங்கினியா?” என்று கேட்டாராம்.

பிள்ளை பிறந்தது. அம்மாவின் கையை நான் பிடித்த பிடியில் அவள் வளையல் நெளிந்துபோயிற்று. பார்க்க வந்த என் புருஷன் பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பெல்லாம் தேரி மண்.

“கார் எங்கன?”

“கட்டை குடுத்து நிறுத்திருக்கேன். எண்ணெய் கரியாப் போச்சு. யுத்தம் முடியட்டும், பாப்போம்.”

“சுறா எண்ணெய் இருக்குல்லா? ஊத்த வேண்டியதுதான?”

அவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “மெதுவாப் பேசுட்டி” என்றார்.

பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம். நான் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். விரலை விட்டுத் தொட்டு, பழக்க தோஷத்தில் இரண்டு விரலால் தேய்த்தார், மோந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பிள்ளையின் உச்சியில் மெதுவாக வைத்தார். துடைக்கத் துணி தேடினார். நானே முந்தானையை நீட்டினேன்.

“நல்ல எண்ணெய்” என்றார்.

“இருக்காதா பின்ன? கார ஓட்டின எண்ணெயில்லா?” என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.