கண்ணில் விட்டது தொண்டையில் கசந்தது

கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தது. கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள் காலை அது. ஆறு நாட்களும் பச்சைத்தண்ணீரைத் தவிர எதையும் விழுங்குவதில்லை என்று நேர்ந்திருந்தேன். எத்தனை தரம் வாய் கொப்பளித்தும் கசப்புப் போகவில்லை. விரதம் முறிந்துவிடும் என்று பயந்து மருந்துப் போத்தல்களை மூடி வைத்தவள், இரண்டு நாட்களாக அவற்றைத் திறக்கவேயில்லை. கண்ணில் லேசர் செய்துகொண்ட யாரும் இந்த மடைத்தனத்தைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது குளுக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் நோய்). இடது கண்ணின் பார்வையில் பாதியை அது ஓசைப்படாமல் கொண்டுபோய்விட்டது. அரியாலையில் எங்கள் வீட்டு வாசல் படலையில் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்ட பிறகுதான் வைத்தியரிடம் போனேன். போனது திரும்பாது, வலது கண்ணையாவது லேசரால் காப்பாற்றுவோம் என்றார். அந்தக் கண்ணுக்காகத்தான் இந்த முறை விரதம் பிடித்தேன்.

கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரந்து, ஒரு மூலையால் வடிந்துகொண்டிருக்கிறது. என் கண்ணில் அந்த மூலை ஒடுங்கியிருந்தது. கதிராளியில் (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத்திரை) ஒரு துளை போட்டால், பின்னால் தேங்கும் நீர் முன்னுக்கு வந்துவிடும், மூலையும் திறக்கும். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கதிராளியைக் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன். லேசர் செய்த அன்று நாடியை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், புருவத்துக்குள் யாரோ சுண்டிவிட்டதுபோல ஒரு வலி. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. கடுகைவிடச் சிறிய துளை வெறும் ஒளியால் விழுந்துவிட்டது. மலைத்துப்போனேன்.

விரதம் தொடங்குவதற்கு முந்திய நாள்தான் இது நடந்தது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு மருந்தும், அழற்சியை (காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது) அடக்க ஒரு மருந்தும் தந்திருந்தார்கள்.

"மருந்து விட்டிட்டீரோ?" என்று இவர், என் கணவர், ஒவ்வொரு நாளும் கேட்டார்.

"ஓம்" என்றேன். விரத காலத்தில் பொய்யும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை புருவம் பிளப்பதுபோல வலித்தது. கண் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. சாமி விளக்கைச் சுற்றி வானவில் போல வளையங்கள் தெரிந்தன. உண்மையைச் சொன்னேன். இவர் கோபப்படவில்லை, அதுதான் சுட்டது.

"கண்ணுக்கெண்டு பிடிச்ச விரதம். கண்ணைக் குடுத்துப்போட்டு இனி ஆருக்குப் பிடிக்கப் போறீர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓட்டோவுக்குச் சொன்னார்.

கண்ணின் அழுத்தம் இருபத்தொன்றுக்குள் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் அளந்தபோது எனக்கு முப்பத்தெட்டு.

"ரீச்சர், மருந்து ஒழுங்கா விட்டனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர். என் மகளின் வயதுதான் இருக்கும்.

"விரதம், டொக்டர். தொண்டையிலை கசந்தது. ரெண்டு நாளா விடேல்லை."

அவர் சிரிக்கவில்லை. "கண்ணிலையிருந்து மூக்குக்கு ஒரு குழாய் போகுது. அதாலைதான் தொண்டையிலை கசக்கிறது. மருந்தை விட்டிட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்திலை விரலாலை ரெண்டு நிமிஷம் அமத்திப் பிடியுங்கோ. பெரிசாக் கசக்காது. மருந்தும் கண்ணிலையே நிக்கும்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?" என்றேன். செய்த பிழை போதாதென்று ரோசம் வேறு.

"நீங்களும் கேட்டிருக்கலாமே, ரீச்சர்."

அழுதால் மூக்கு ஒழுகுவது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கண்ணிலிருந்து அந்த நீர் எந்த வழியால் வருகிறது என்று, கண்ணை வரைந்து காட்டிய இந்த ரீச்சர் ஒருநாளும் யோசிக்கவில்லை. எனக்குள்ளேயே எனக்குத் தெரியாத சந்து ஒழுங்கைகள் இருந்திருக்கின்றன. அந்த வலியிலும் அதை நினைக்க வியப்பாக இருந்தது.

அழுத்தம் இறங்கக் குளிசை தந்தார்கள். விழுங்கினேன். விரதம் அங்கேயே முடிந்தது. சற்று நேரத்தில் விரல் நுனிகள் விறுவிறுத்தன. அந்தக் குளிசைக்கு அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

பின்னேரம் வலி தணிந்தது. நரம்பில் சேதம் உண்டா என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லமுடியும் என்றார் டொக்டர். அந்த மாதம் முழுக்க இடது கண்ணைப் பொத்திப் பொத்திச் சுவர்க் கலண்டரை வாசித்தேன். விளக்கைப் பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. லேசர்த் துளையால் உள்ளே வரும் வெளிச்சம் அது. சிலருக்கு அப்படித் தெரியுமாம், பெரும்பாலும் பழகிவிடுமாம். எனக்கு அது இன்னும் போகவில்லை.

காலையும் மாலையும் மருந்து விட்டு, மூக்கோரத்தை அமர்த்திக்கொண்டு இருக்கிறேன். பாடசாலை மணிக்கு ஓடி ஓடியே பழகிய எனக்கு, இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த நேரம் கண்ணுக்குள் நீர் சுரப்பதை நினைத்துக்கொள்வேன். நான் ஒன்றும் செய்யாமலே அது நடக்கிறது.

மாதம் முடிந்து போனபோது டொக்டர் நெடுநேரம் பார்த்தார். "வலது கண் நரம்பு முந்தி இருந்தமாதிரியே இருக்கு, ரீச்சர். ஒண்டும் போகேல்லை."

வெளியே நீள வாங்கில் வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் விரல் மூக்கோரத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த இவர், "இண்டைக்கு வழிய விடும்" என்றார். விரலை எடுத்தேன். தொண்டையில் உப்புக் கரித்தது. விழுங்கினேன்.