வயலின் நின்ற பிறகு

ஹெட்போன் வயரை நான் மெஷினில் செருகவே இல்லை. அதைக் கவனிக்காமல் ஏழு முறை பொத்தானை அழுத்திவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஏழு முறையும் சத்தம் கேட்டதாகச் சுட்டுவிரலைத் தூக்கினார்.

எட்டாவது முறை அழுத்தப் போகும்போதுதான் வயர் என் மடியில் கிடப்பதைப் பார்த்தேன்.

தராசு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதரை நான் சந்தித்தது இப்படித்தான். சரக்கு யார்டில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு கனமான பெட்டியானாலும் அதன் நாலு மூலையும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும்படி இறக்குவாராம். அதனால் அந்தப் பெயர். யார்டு ஆட்களுக்கு வருடம் ஒரு தடவை காது சோதிக்கும் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வயரைச் செருகினேன். பொத்தான் பெட்டியை மேஜைக்கு அடியில் மடிமேல் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை விரல் எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் எழவில்லை. அவர் என் முழங்கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். தான் பிடிபட்டுவிட்டது அவருக்குத் தெரிந்துபோயிற்று. வலது காதில் ஒன்றுமே இல்லை. இடதில் பாதிக்கும் கீழே.

கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார்.

"முன்னாடி இருந்த சார் அழுத்தும்போது தோளைத் தூக்குவாரு. உங்களுக்கு முழங்கை," என்றார். "கண்ணாடில நல்லாவே தெரியும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டேன். அவர் கண் என் உதட்டிலேயே இருந்தது.

"ஆறு. சார், இந்தத் தாள் ஃபெயில்னு போச்சுன்னா கிரேனும் போச்சு. பதினோரு வருஷமா ஒரு பெட்டில கீறல் விழுந்ததில்ல. கீழ நிக்கிறவன் கையைக் காட்டுறான், நான் பாத்து இறக்குறேன். அந்த வேலைக்குக் கண்ணுதான் வேணும்."

"பின்னால இருந்து ஒருத்தர் நிறுத்துன்னு கத்தினா?"

அவர் மேஜையில் இருந்த என் முத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் என் பட்டம் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் என் அப்பா வரைக்கும் கைநாட்டுதான். கையெழுத்து என்ற ஒன்றைப் போடவே நான் பதினாறு வருஷம் படித்தேன், அதைப் பொய்க்குப் போடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைலதானே அனுப்பணும்? சனிக்கிழமை சாயங்காலம் வாங்க. பதினாறு பேரோட சேந்து நான் டிரம் வாசிக்கிறேன். காது கேக்காதவன் அப்படி வாசிக்க முடியுமான்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு எழுதுங்க."

தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அவர்கள் கூடுவது ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு போட்டிருந்தார்கள். யாருக்கும் அங்கே இடம் உண்டு. கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், எல்லாம் சரியாக இருந்தும் தாளம் மட்டும் நிற்காதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. கை நடுங்கும் ஒருவர் கிலுகிலுப்பை வைத்திருந்தார். "எனக்கு மட்டும் பயிற்சியே தேவையில்ல தம்பி," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

குழுவை நடத்துகிறவர் நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணி. டிரைவரம்மா. பிந்தி வந்தவர்களை அவர் திட்டவில்லை. "எல்லாரும் ஏறினப்புறம்தான் வண்டிய எடுப்பேன்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தராசு தங்கையின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வயலின் வாசிக்கிறவள். அவளைக் கொண்டுவந்து விடத்தான் அவர் முதலில் வந்தாராம், பிறகு காலியாகக் கிடந்த டிரம்மின் பின்னால் உட்கார்ந்துவிட்டாராம்.

"உதவிக்கு வந்தவரு அப்படியே ஒட்டிக்கிட்டாரு," என்றாள் தங்கை.

"ஒட்டிக்கிட்டதில்ல, நாற்காலிய நிரப்புறேன்," என்றார் அவர். அவள் பேசும்போது அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டதை நான் பார்த்தேன்.

காது கேட்கவில்லை என்று இந்தக் கூடத்தில் சொன்னால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. முக்கோண மணிக்கம்பி தட்டும் தையலக்காவுக்கு முழுச் செவிடு. அவருக்காகவே ஒரு நீளமான பலகை போட்டிருந்தார்கள். பெரிய வயலின் போலிருக்கும் செல்லோவின் இரும்புக் கால் அதன் ஒரு முனையில் ஊன்றியிருக்கும், தையலக்கா மறு முனையில் வெறுங்காலோடு உட்கார்ந்து அதிர்வைப் பிடிப்பார். அப்படியிருக்க இவர் ஏன் மறைக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது டிரம்பெட்டோடு ஒருவர் வந்து தராசின் முதுகில் தட்டினார்.

"என்ன மாப்ள, நேத்து அஞ்சு நிமிஷம் லேட்டு. எழுதிட்டேன்."

யார்டு வாசலில் வருகைப் பதிவு எழுதும் டைம்கீப்பர். எனக்கு விளங்கிவிட்டது. இங்கே வாய்விட்டுச் சொன்னால் யார்டில் சொன்ன மாதிரி.

முதல் இரண்டு பாட்டிலும் தராசு அசத்திவிட்டார். விஷயம் தெரியாமல் பார்த்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். அவர் கண் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. டிரைவரம்மாவின் கை, தங்கையின் வில் பிடித்த முழங்கை, டைம்கீப்பரின் உப்பும் கன்னம், மறுபடி கை. எல்லோரும் காதால் செய்ததை அவர் கண்ணால் செய்தார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என் மனம் கொஞ்சம் ஆடித்தான் போயிற்று.

அப்போது டிரைவரம்மா கறுப்புத் துணியை எடுத்து ஜன்னல்களை மூட ஆரம்பித்தார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டை விளக்கை அணைத்துவிட்டு வாசிப்பார்கள். பார்வை இல்லாதவர்களே எப்போதும் மற்றவர்களைப் பின்தொடர வேண்டுமா, ஒரு பாட்டிலாவது மற்றவர்கள் அவர்களைப் பின்தொடரட்டும் என்று ஆரம்பித்தது. இருட்டுப் பாட்டுக்குத் தங்கைதான் தலைவி. ஒரே ஒரு விதி: வயலின் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

தராசு குச்சிகளைக் கீழே வைத்து எழுந்தார். "நான் போய் டீ போடுறேன்."

"உட்காருங்க," என்றார் டிரைவரம்மா. "இந்த வருஷ நிகழ்ச்சில இருட்டுப் பாட்டு உண்டு. டிரம் இல்லாம முடியாது."

"டீ ஆறிடும்மா."

"இன்னும் போடவே இல்ல, எப்படிய்யா ஆறும்?" என்றார் டைம்கீப்பர். எல்லோரும் சிரித்தார்கள். தராசும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. வழக்கமாக அவர் எதையாவது சொல்லி நழுவிவிடுவார் போலிருக்கிறது. ஆனால் அன்று சுவரோரம் நான் இருந்தேன். ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து குச்சிகளைக் கையில் எடுத்தார்.

விளக்கு அணைந்தது.

என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. தங்கை வில்லால் மரத்தில் நாலு தட்டுத் தட்டினாள். நாலாவது தட்டில் டிரம் சரியாகச் சேர்ந்துகொண்டது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அவரது இடது காதில் மிச்சமிருந்தது அந்தத் தட்டை மட்டும் பிடித்திருக்கலாம். வயலின், செல்லோ, டிரம்பெட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.  தப்பித்துவிடுவார் என்றே நினைத்தேன். தப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் புல்லாங்குழல் ஒரு வரியைத் தவறவிட்டது. வயலின் நின்றது. விதிப்படி எல்லாம் நின்றன.

டிரம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது, அடுத்த சுற்று ஆரம்பித்தது. "போதும் மாப்ள, நிறுத்து," என்றார் டைம்கீப்பர் கேலியாக. டிரம் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ சிரித்து, பாதியில் அடங்கினார்கள். அந்த அடியில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. பதினாறு பேரும் தன்னோடு வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மனிதர் இருட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். 

தங்கையின் நாற்காலி நகர்ந்தது. அந்த இருட்டில் தடுமாறாமல் நடக்க அவளைப் போன்றவர்களால்தான் முடியும். ஐந்தாறு அடி வைத்தாள். பிறகு டிரம் தோலின்மேல் அவள் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் குச்சி விரலில் பட்ட மந்தமான சத்தம் கேட்டது. அவள் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. டிரம் நின்றது.

"எப்ப நின்னுச்சு?" என்றார் தராசு.

யார் பேசினாலும் பயனில்லை. உதடு தெரியாத இருட்டில் அவருக்கு நாங்கள் ஒருவருமே இல்லை.

டிரைவரம்மா சுவிட்ச் பக்கம் போனது தரைப் பலகையின் அதிர்வில் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். "லைட்டு போடாதீங்க," என்றார். "யாராவது பேசுறீங்களான்னு எனக்குத் தெரியல. நானே சொல்லிடறேன். எனக்குக் காது போயி ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் உங்க கையையும் மூஞ்சியையும் பாத்துதான் வாசிச்சேன். யார்டுலயும் அப்படித்தான். இப்ப போடுங்க."

விளக்கு எரிந்தது. டைம்கீப்பர் டிரம்பெட்டை மடியில் கிடத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தராசுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

"எங்க ஆளுங்க உனக்குக் கீழதான்யா நிக்கிறாங்க. திங்கக்கிழமை யார்டு கேட்டுல நான் என்னன்னு எழுதுறது?"

"வந்தான்னு எழுது. மேல ஏறலன்னு எழுது."

தங்கையின் இரண்டு விரல் சிவந்து வீங்கியிருந்தது. அவர் அதைத் தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டார். "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்று கேட்டார்.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பி மெதுவாகச் சொன்னாள். "நீ டீ போடப் போன முதல் நாள்ல இருந்து. சொல்வேன்னு பாத்தேண்ணே. நீ டீதான் போட்டே. அதுவும் நல்லால்ல."

தையலக்காவுக்கு யாரோ சைகையில் சொன்னார்கள். அவர் எழுந்து வந்து தராசின் செருப்பைக் காட்டி, கழற்று என்று கையசைத்து, பலகையில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். தராசு தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அன்று அவரால் முடியவில்லை. குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சரிவுப் பாதையில் என்னைத் தாண்டும்போது நின்றார். "நீங்க வராம இருந்திருந்தா டீ போடப் போயிருப்பேன், தம்பி." சாராக இருந்த நான் தம்பியாகிவிட்டிருந்தேன். அது அன்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் அறையைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். யார்டுச் சட்டை போடவில்லை. உள்ளே வந்ததும் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வயரை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு ஆரம்பித்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 

"இடதுல மிச்சம் இருக்கா?" என்றார் என் பக்கம் திரும்பி.

"இருக்குண்ணே. காதுல மெஷின் வெச்சா எதிர்ல பேசுறது கேக்கும்."

"இதை நீங்க அனுப்ப வேண்டாம். நானே கொண்டுபோறேன்." தாளை மடிக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு போனார். எட்டு மணி ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் மேலாளர் மேஜையில் வைத்துவிட்டதாகப் பிறகு டைம்கீப்பர் சொன்னார். ஆறு வருஷம் எப்படி ஏமாற்றினாய் என்று இரண்டு நாள் குடைந்தார்களாம். முன்பு சோதித்தவர் பெயரை அவர் சொல்லவே இல்லை.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. கிரேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். தராசு யார்டின் பின்பக்கக் கிடங்கில், பெட்டி தூக்கும் இரும்பு வடங்களில் இழை அறுந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, நல்லதென்று சீட்டுக் கட்டும் வேலையில் இருக்கிறார். இடது காதில் மெஷின் வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் சோதனைக்கு வருகிறார். போன வருட நிகழ்ச்சியில் அவர் வாசிக்கவில்லை. இந்த வருடம் தையலக்காவின் பக்கத்தில், அதே பலகையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இருட்டுப் பாட்டுக்கு வாசித்தார். இரண்டு இடத்தில் பிந்தினார். சனிக்கிழமைதோறும் தங்கையோடு அங்கேதான் இருக்கிறார்.