தீட்ட வேண்டாத கத்தி

என் மகன் செல்போனில் ஒரு மடக்குக் கத்தியைக் காட்டி, இதற்குப் போய் மூவாயிரம் ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் பெரியப்பா மகளும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஒரே வகுப்பு. பெரியப்பா, எங்கள் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி வெளிநாட்டில் இருந்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் மகளுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுத்தனுப்பினார். சிவப்புக் கைப்பிடி. திறந்தால் 'டக்'கென்று நிற்கும். மாங்காயை நறுக்கினால் காகிதம் போலத் துண்டு விழும். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததில், அப்பா தேரடிக் கடையில் மீன் வடிவக் கத்தி ஒன்று வாங்கித் தந்தார். அது மாங்காயை நசுக்கும். ஒரே வாரத்தில் மொக்கையாகிவிடும்.

அப்பாவும் கம்பெனிக்குப் போகிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். அன்று கிணற்றடியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்லில் தண்ணீர் தெளித்து, ஏதாவது கதை பேசியபடி என் கத்தியைத் தீட்டுவார். அவள் தள்ளி நின்று பார்ப்பாள். எனக்கு மானம் போகும். அவள் கத்திக்குத்தான் இந்தத் தொல்லையே இல்லையே.

ஆயுத பூஜைக்கு இரண்டு கத்திகளும் அப்பாவின் ஸ்பானர்களோடு சாமி முன்னால் இருந்தன. மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. துருப் பிடிக்கட்டும் என்று அவள் கத்தியின் மூட்டு நிறையச் சந்தனத்தைக் குழைத்து அடைத்தேன். என்னுடையதற்குச் சின்னப் பொட்டுதான். மறுநாள் அவள் கழுவித் திறந்தாள், 'டக்'. என் கத்தியில் பொட்டு வைத்த இடம் வட்டமாகத் துருவேறியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் தன் கத்தியைத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்.

ஞாயிறு காலை அப்பாவிடம் வந்து நீட்டினாள்.

"சித்தப்பா, மொக்கயாயிட்ச்சு. இத்தயும் தீட்டிக் குடு."

"உங்கப்பா வந்தா தீட்டிக்கோயேன்," என்றேன்.

அப்பா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கீறல்கள் எதனால் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவளை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "நீ கொஞ்சம் நவுந்து குந்து," என்றார்.

அன்று முழுக்க என் கத்தியை அவர் தொடவேயில்லை.

விலையுள்ள பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாத கழுதை என்று அவளைப் பற்றிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன். அவள் மறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தொட்டிப் பக்கம் தேய்க்கிற சத்தம் கேட்டது. இன்னும் புத்தி வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.