கவ்வாத்துக் கத்தியும் கறுப்புக் காரும்

ஆண்டியப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஹட்டனுக்கு வந்து கார் ஓட்டத் தொடங்கியபோது லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் சிரித்தார்கள். தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய கைக்கு ஸ்டியரிங் கேட்கிறதாம். மீதிப் பேர் சிரிக்காததற்குக் காரணம், அவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததுதான். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணிக்கடை முனாப் முதலாளியின் வாடகைக் கார் அவன் கையில் இருந்தது. அது போதும் அவனுக்கு.

கார் உலகச் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது. மேலே பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரிப் பளபளக்கும். அடியிலோ தோட்டத்து ரோட்டுச் சேறும் மழையும் தின்று தீர்த்த துரு. ஐம்பத்தாறாம் வருஷத்து மழையில் ஒருநாள் டயர் பஞ்சராக, கதவடிப் படியான புட்போட்டுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்து உயர்த்தினான். கார் எழவில்லை, ஜாக்கிதான் எழுந்தது. தகட்டைப் பொத்துக்கொண்டு பின்சீட்டுக்கு முன்னால் தலையை நீட்டியது.

முனாப் முதலாளி ஓட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இதுல ஆள ஏத்தினா பொறகு மய்யித்தத்தான் ஏத்தோணும். ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன் வாறான். குடுத்துருவம்."

கார் போனால் வேலையும் போச்சு. ஜாக்கியைத் தகட்டுக்குள் விட்டவன் என்று பெயர் எடுத்தவனுக்கு ஹட்டனில் வேறு யார் கார் கொடுப்பார்கள்? திரும்பவும் தோட்டம், விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டு. வீட்டில் சொன்னபோது மனைவி நாகலெட்சுமி நிமிரக்கூட இல்லை. அவள் டவுன் தையல்காரரிடம் காஜா எடுக்கப் பழகி, கை ஓட ஆரம்பித்திருந்த நேரம்.

"பெரட்டுக்குப் போறதுன்னா நீங்க போங்க. நா வரல," என்றாள்.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைக் குடைந்து பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். கவ்வாத்து வெட்டுகிறவன் கத்தியின் முதுகால் கிளையைத் தட்டிப் பார்ப்பான். உயிருள்ள கிளை ஒரு சத்தம் தரும், செத்த கிளை வேறு சத்தம் தரும். செடிக்குச் சரியென்றால் காருக்கு ஏன் ஆகாது?

கடைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வடிகால் கானுக்கு மேல், சக்கரம் இரண்டு பக்கமும் நிற்க, காரை நிறுத்தினான். கானுக்குள் இறங்கி மல்லாந்து படுத்து, ஜாக்கி தாங்கும் இடம் தேடித் தட்டினான். ஓரத்துத் தகட்டில் ஓரிடம் கனமாகக் கெட்டிச் சத்தம் கொடுத்தது. அகப்பட்டது என்று குஷியோடு வெளியே வந்து, அங்கே ஜாக்கியைக் கொடுத்துச் சுழற்றினான். தகடு நொறுங்கிக் கூடைக் கணக்கில் மண் கொட்டியது.

ஆண்டியப்பனுக்குத் தன்மேலேயே எரிச்சல். கறையான் கிளையைத் தின்றுவிட்டு உள்ளே மண்ணை அடைத்து வைக்கும். தட்டினால் நல்ல கிளை போலவே கெட்டியாக இருக்கும். எத்தனை செடியில் பார்த்தவன், ஒரு காரிடம் ஏமாந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. அடி முழுக்கச் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தட்டினான். தகடெல்லாம் சொத்தச் சத்தம். பின் அச்சில், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கோயில் மணி மாதிரி கணீரென்றது. முன் அச்சிலும் அப்படியே. அந்த இடங்களில் வெள்ளைப் பெயின்ட் வைத்தான். மேட்டுக்கு ஏற்றி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். கார் முனகாமல் எழுந்தது.

முதலாளி நம்பினால்தானே? "ஒன் வேலையப் பாரு," என்றுவிட்டார்.

சனிக்கிழமை லிந்துலையில் அவருடைய சொந்தத்தில் கல்யாணம். ஓட்டைக்கு மேல் பலகை போட்டிருந்த காருக்குக் கடைசி ஓட்டம் என்று சொல்லியே மனைவி செரீபாவோடு ஏறினார். பாதி வழியில் பின்டயர் பஞ்சர். ஆண்டியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

சரிவில் நிறுத்தாமல் மெல்ல உருட்டி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். லொறி ஏறி ஏறி இறுகிய மட்டத் தரை. இருவரையும் இறங்கச் சொன்னான். நிறுவைக்கு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தூக்கிருவீங்களா அண்ணே, இல்ல கொழுந்துக் கூடையா நெனச்சு நாங்க தூக்கவா?" என்றாள் அவர்களில் ஒருத்தி. மடுவமே சிரித்தது.

"கூலிய மொதலாளிகிட்டக் கேளுங்க," என்று சொல்லிக்கொண்டே கல் கொடுத்தான், பலகை போட்டான், வெள்ளைப் புள்ளியில் ஜாக்கியைப் பொருத்தினான்.

முனாப் முதலாளி இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி சுழன்றது. சக்கரம் தரையை விட்டது. தகடு நசுங்கவில்லை, ஒரு கிறீச்சுக்கூட இல்லை. அவர் குனிந்து புள்ளியைப் பார்த்தார், எழுந்து சக்கரத்தைத் தொட்டுச் சுற்றிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றியது. பெண்கள் கூடையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

"நல்லாத்தானே ஈக்கிது. இத ஏன் விக்கப் போறீங்க?" என்று செரீபா கணவரைக் கேட்டார்.

கல்யாண வீட்டில் முதலாளி, ஜாக்கி கொடுக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்ததுபோல் எல்லோருக்கும் விளக்கினார். ஆண்டியப்பன் பிரியாணியில் கவனமாக இருந்தான்.

திரும்பும்போது முதலாளி அவனுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இரும்புக்காரன வரவேணாம்டு சொல்லிரு. சாவி ஒன்கிட்டயே ஈக்கட்டும்."

ஹட்டன் வரைக்கும் ஆண்டியப்பன் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.