நடுத்துண்டோடு புக்கிட் ரம்பாய்க்கு

சனிக்கிழமை காலை எட்டேகால். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். பஸ் டிக்கெட் ஆறு வெள்ளி எண்பது காசு. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பேய் நாவல். முழு நாவல் இல்லை, எழுபத்தேழாம் பக்கத்தில் தொடங்கி நூற்று ஐம்பத்திரண்டில் நின்றுபோகும் நடுத்துண்டு மட்டும்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு நாவல் வந்தால் பத்து வீடு காத்திருக்கும். தையலைப் பிரித்து மூன்று துண்டாக்கி, ஊசிநூல் போட்டுச் சுற்றுக்கு விடுவோம். இந்த நாவலின் முதல் துண்டை நானும் அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பரமேஸ்வரியும் முடித்திருந்தோம். நடுத்துண்டு எனக்கு வந்தது. நான் சோம்பேறி, விரட்டினால்தான் படிப்பேன் என்று கடைசித் துண்டை அவள் பிடித்து வைத்துக்கொண்டாள். மாற்றிக்கொள்வதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அவள் குடும்பம் மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாய்க்குப் போனது, நாங்கள் கோலாலம்பூருக்கு. ஒன்பது வருடமாகிறது.

நாவல் எப்படி என்றால், முதல் துண்டு அபாரம். மலைப் பங்களாவில் அடைபட்ட ஒரு பெண். ஆளில்லாத கிணற்றில் தானாகச் சுற்றும் ராட்டினம். பேயைக் காட்டவே இல்லை. அந்தப் பயத்தில் நாங்கள் ஒரு வாரம் குழாயடிக்குச் சேர்ந்தே போனோம். அந்த ஒரு வாரத்துக்காகவே எழுதியவருக்குக் கோயில் கட்டலாம். நடுத்துண்டு வெறும் இழுவை. மந்திரவாதி வருகிறார், இன்ஸ்பெக்டர் வருகிறார், கதை மட்டும் வரவில்லை. அந்தப் பெண்ணைத் தேடிவரும் காதலன் பங்களாக் கேட்டுவரை வந்து, கூப்பிடாமலே திரும்பும் எட்டுப் பக்கம்தான் தேறும். அதைத்தான் என்னால் படிக்க முடிவதில்லை. தோட்டம் போன மறுவருடம் நானும் புக்கிட் ரம்பாய்வரை வந்து, அவள் வீட்டுக் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன்.

பத்தரைக்கு மலாக்கா. டாக்சிக்காரர் தமிழர், பத்து வெள்ளி கேட்டார்.

"ரம்பாய்ல எந்தத் தாமான், தம்பி?"

குடியிருப்பின் பெயர் இருந்த முகவரியைக் காட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏர்கான் போட்டுத்தான் லா இருக்கேன். ஏன் இப்படி வேர்க்குது?"

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். தொழிற்சாலைகள், பேக்டரி பஸ்கள், அப்புறம் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். பதினொன்று ஐந்துக்கு அதே பச்சைக் கேட்டு. இந்த முறை கூப்பிட்டேன்.

"ஐயோ, மணியமா! வா, வா. மெதுவாப் பேசு லா. அவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் படுத்தாரு."

வாசல் நாற்காலியில் உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். நடுத்துண்டை நீட்டினேன். சத்தமில்லாமல் சிரித்தாள். உள்ளே போய், காலண்டர் தாளில் அட்டை போட்ட கடைசித் துண்டைக் கொண்டுவந்தாள். தூசிகூட இல்லை.

"முடிவு சப்புன்னு இருக்கு. பேயே இல்ல. அந்தப் பங்களாத் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிதான் கயிறு கட்டி ராட்டினத்தச் சுத்துனானாம்."

"முடிவைச் சொல்லிட்டியே!"

"ஒன்பது வருசம் கழிச்சு வந்தா, சொல்லத்தான் செய்வேன்." பிறகு கேட்டாள்: "கடைசியில அந்தப் பொண்ணு அவன்கூடப் போகமாட்டேங்கிறா. ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. நடுவுல அவன் தேடி வந்தானா, இல்லையா?"

"வந்தான். கேட்டு வரைக்கும் வந்துட்டுக் கூப்பிடாமப் போயிட்டான்."

"ஏன்?"

"உள்ள அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்கான்னு நெனைச்சிட்டான்."

நாவலில் சிரிப்புச் சத்தம் கிடையாது. அது அன்று இந்தக் கேட்டோரம் நின்று நான் கேட்டது.

அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்தவன் கூப்பிட்டிருக்கலாம். அவ அன்னிக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்தா. கடைசித் துண்டுல இருக்கு, படிச்சுப் பாரு."

மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். சிரம்பான் வருவதற்குள் கடைசித் துண்டு முடிந்துவிட்டது. முடிவு அவள் சொன்னதைவிட மோசம். அவள் சொன்ன அந்த வரியை முதலிலிருந்து இன்னொரு முறை தேடினேன். எங்கும் இல்லை. நாவலில் வரும் பெண் யாருக்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

கோலாலம்பூரில் இறங்கினேன். நடுத்துண்டு இப்போது அவளிடம் இருக்கிறது. இந்நேரம் அவளும் அதில் அந்தச் சிரிப்புச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பாள்.